முதல் அடியைத் தானம் கொடுத்த நாடு

முன்னொரு காலத்தில், முன் எது பின் எது என்று தெரியாமல் போய்விட்ட ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் கொன்றை நாடு. பெரியவர்கள் சாய்ந்துகொள்ளலாம், சின்னவர்கள் கிட்டே வரலாம். யாருக்கும் இருப்புக் கொள்ளாத கதை இது. கேட்கும்போது எழுந்து நடந்தாலும் குற்றமில்லை.

கொன்றை நாட்டு மக்களுக்குப் பெருமை இரண்டு. ஒன்று விருந்தோம்பல், மற்றது சதுரங்கம். விருந்தாளி வாசலில் கால் வைத்தால் முதல் தண்ணீர் அவருக்கு, முதல் கவளம் அவருக்கு, முதல் வார்த்தை அவருக்கு. சதுரங்கத்தில் உட்கார்ந்தால் முதல் நகர்த்தலும் அவருக்கே. இது லேசான உபசாரமில்லை. கை சமமான இரண்டு பேர் ஆடினால் முந்தி நகர்த்தியவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார் என்பது அங்கே ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். "முதல் கைக்கு ஒரு மூச்சு மிச்சம்" என்பார்கள். முந்தியவர் கேட்டுக்கொண்டே போவார், பிந்தியவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். பதில் சொல்லியே களைத்தவருக்கு எப்போது கேள்வி கேட்க நேரம் வரும்? இருந்தும் விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்தார்கள். தோற்றாலும் சிரித்தபடி வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள்.

அந்த நாட்டு ராஜா இன்முகவர்மன். "இல்லை" என்ற சொல் அவர் நாக்கில் ஒருநாளும் ஏறியதில்லை.

ஒருநாள் நெடுஞ்சுழியன் என்ற மாயாவி ஒரு கழுதையை இழுத்துக்கொண்டு அரண்மனைக்கு விருந்தாளியாக வந்தான். முதல் தண்ணீர் குடித்தான். முதல் கவளம் தின்றான். ராஜாவோடு மூன்று ஆட்டம் ஆடி, மூன்றிலும் முதலில் நகர்த்தி, மூன்றிலும் ஜெயித்தான்.

"பிரமாதம்" என்றார் ராஜா, தோற்ற களிப்பில். "என்ன பரிசு வேண்டும், கேளுங்கள்."

"பெரிதாக ஒன்றுமில்லை, மன்னா. இன்றைக்கு இங்கே எனக்குக் கிடைத்தது இனி என்றைக்கும் கிடைக்க வேண்டும். முதல் அடி, முதல் வாய், முதல் சொல். உங்கள் நாட்டில் எதிலும் முதல் என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

சபையில் நாலைந்து பேர் இருமினார்கள். விருந்தாளி பேசும்போது அதற்கு மேல் செய்ய வழக்கம் இடம் தராது. ராஜா செம்பை எடுத்து, மாயாவியின் உள்ளங்கையில் நீர் விட்டு, முதலாவது அடியைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார்.

தாரை வார்த்த தானத்துக்கு அந்த நாட்டில் ஒரு கட்டு உண்டு. கொடுத்தவர் திருப்பிக் கேட்கக் கூடாது. வாங்கியவர் வேண்டாமென்று தள்ளக் கூடாது.

மாயாவி கையை மூடினான். முரசடிக்க ஓங்கிய கோல் அந்தரத்திலேயே நின்றது.

"வேண்டுமென்றால் யாராவது என் குன்றுக்கு வந்து, என்னோடு ஆடி ஜெயித்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான் போகும்போது. "அந்த ஆட்டத்திலும் முதல் என்னுடையதுதான். தோற்பவர் என் பலகையில் மரக்காயாக நிற்பார்."

அன்று பிடித்தது நாட்டை அந்தத் தவிப்பு. யாராலும் எதையும் தொடங்க முடியவில்லை. படுத்தவர்களால் எழ முடியவில்லை, நின்றவர்களால் உட்கார முடியவில்லை. சந்தையில் வாங்குபவர் விற்பவர் முகத்தையும், விற்பவர் வாங்குபவர் முகத்தையும் பார்த்தபடி நின்றார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் இரண்டு குடும்பமும் பஜ்ஜியைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் விரல் நுனி துடித்தது, முழங்கால் ஆடியது. ஓட நினைப்பவன் மாதிரி மூச்சு வாங்கியது. ஆனால் ஓட முடியவில்லை.

நல்லவேளை, ஒரு கழுதை இருந்தது.

மாயாவிக்கு அரிசி பருப்பு வாங்கிப்போக அவனுடைய கழுதை காலையில் குன்றிலிருந்து இறங்கி வரும். அது மாயாவியின் சொத்து, அதனால் முதல் அடி அதன் காலிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கழுதை கத்தினால் அதற்குப் பின் ஊர் பேசலாம். கழுதை நடந்தால் அதற்குப் பின் ஊர் நடக்கலாம். கழுதை ஒரு வாய் புல் தின்றால் அரண்மனையில் பந்தி பரிமாறுவார்கள். "கழுதையார் வந்தாயிற்றா?" என்பதுதான் அங்கே காலை வணக்கம். ராஜா அதற்குப் பட்டுத் துண்டு ஒன்று போர்த்தினார். கழுதை அதையும் ஒரு ஓரமாகத் தின்றுவிட்டது.

ஆனால் பாருங்கள், கழுதை செய்யாத காரியங்களும் உலகத்தில் இருக்கின்றன. கழுதை மழை பெய்யாது. கழுதை முளை விடாது. அதுவும் அது ஆண் கழுதை. பிள்ளை பெறாது. ஆகவே கொன்றை நாட்டில் மேகம் கறுத்துக் கறுத்து நின்றது, முதல் துளி விழவில்லை. விதை ஊறி ஊறிக் கிடந்தது, முதல் முளை வரவில்லை. கன்று ஈனவேண்டிய பசுக்கள் தொழுவத்தில் சுற்றிச் சுற்றி வந்தன.

குழலாயியும் சுற்றிச் சுற்றி வந்தாள்.

குழலாயி பின்பாட்டுக்காரி. அவளுடைய நாத்தனார் பொன்னுருவி முதல் அடி எடுத்துக் கொடுப்பாள், குழலாயி அதை வாங்கிப் பாடுவாள். வாங்கிப் பாடுவதென்றால் கிளி மாதிரி சொன்னதைச் சொல்வதில்லை. வந்த அடியை அப்படியே ஏந்தி, கடைசியில் ஒரு சின்ன நெளிவு வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். அந்த நெளிவுக்காகவே பொன்னுருவி அடுத்த அடியை மாற்ற வேண்டியிருக்கும். கல்யாண வீடுகளில் இரண்டு பேருக்கும் சமமாகத்தான் சந்தனம்.

மாயாவி கையை மூடியபோது குழலாயிக்கு ஆறாம் மாதம். பத்து நிறைந்தது. பதினொன்றும் போயிற்று. வயிறு இறங்கிவிட்டது, குழந்தை தலை திரும்பிவிட்டது, வலி மட்டும் வரவில்லை. முதல் வலி வந்தால்தானே அடுத்த வலி வரும்? உள்ளே குழந்தை புரண்டது, உதைத்தது, கதவுக்கு இந்தப் பக்கம் வரத் தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் முதுகு உடைந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. கழுதை நடக்கத் தொடங்கியதிலிருந்து அது குன்றேறிப் போகும்வரை அவள் முற்றத்தில் நடந்தாள். கிழக்குச் சுவர்வரை போவாள், மேற்குச் சுவர்வரை வருவாள். மண்ணில் அவள் கால் ஒரு தடமே போட்டுவிட்டது.

போன வாரத்திலிருந்து உதை குறைந்துகொண்டு வந்தது.

அவள் புருஷன் செம்புலிங்கம் இதைப் பார்க்கப் பொறுக்காமல் கழுதையின் பின்னால் குன்றுக்குப் போனவன். திரும்பி வரவில்லை.

அவன் அவசரக்காரன். வீட்டில் சதுரங்கம் ஆடும்போது அவள் காயை அடுக்கி முடிப்பதற்குள் தன் காலாளை நகர்த்திவிடுவான். கல்யாணமான நாளிலிருந்து அவள் முதலில் நகர்த்தியதே கிடையாது. பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். அவள் கடைசி ஓரத்துக் காலாள் ஒருவனைத் தொடாமல் வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பான். "அவனை என்ன ஊறுகாயா போடப் போற?" என்பான். எப்போதாவது ஒரு ஆட்டம் அவள் ஜெயித்தால், அது அந்த ஊறுகாய்க் காலாளால்தான் இருக்கும்.

அன்று காலை கழுதை வந்து கத்தியதும் குழலாயி முதல் வார்த்தையாகச் சொன்னாள்: "மதினி, நான் குன்றுக்குப் போறேன்."

பொன்னுருவி முறத்தைக் கீழே வைத்தாள். "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? என் தம்பி ரெண்டு கையும் வீசிட்டுப் போனான், அவனே வரல. நீ இந்த வயித்தைத் தூக்கிட்டுப் போயி என்ன கிழிப்ப?"

"இங்க இருந்தா நடக்கத்தானே போறேன். அந்த நடையை அங்க நடக்குறேன்."

"அவன் முதல்ல நகர்த்துவாண்டி."

"உங்க தம்பியும்தான் முதல்ல நகர்த்துவாரு. எனக்கு அதுதான் பழக்கம்."

"தோத்துட்டா?"

குழலாயி வயிற்றின் மேல் கையை வைத்தாள். "புள்ள நேத்து ராத்திரியிலேர்ந்து ஒரே ஒரு தடவைதான் அசைஞ்சுது, மதினி."

பொன்னுருவி உள்ளே போனாள். மாற்றுச் சேலை இரண்டு எடுத்தாள், ஒரு செம்பில் தண்ணீர் எடுத்தாள். கழுதை அரிசி மூட்டையோடு திரும்பியபோது, அதன் வாலுக்குப் பின்னால் இரண்டு பெண்களும் நடந்தார்கள்.

பாதி வழியில் கழுதை திரும்பிப் பார்த்தது. "என்ன தாயி, நீயுமா?"

"கழுதையாரே, நிக்காதீங்க. நீங்க நின்னா நானும் நிக்கணும். என்னால நிக்க முடியல."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றது கழுதை அலுப்போடு. "நான் பொறந்ததிலேர்ந்து பின்னால நடந்தவன். முன்னாடி ஒரு முதுகு இருந்தா நிம்மதியா தலையைத் தொங்கப் போட்டுட்டு நடக்கலாம். இப்ப ஒரு ஊரே என் வாலைப் பார்த்துட்டு வருது. ஒரு ஏப்பம்கூட யோசிச்சு விட வேண்டியிருக்கு."

பொன்னுருவிக்குச் சிரிப்பு வந்தது. "இந்தக் கழுதை கத்துற சுதியில என்னையப் பாட்டு ஆரம்பிக்கச் சொன்னாங்க அரண்மனையில. நான் வாயையே திறக்கலையே."

"உன் பாட்டை நானும் கேட்டிருக்கேன்" என்றது கழுதை. "என் சுதி ஒண்ணும் மோசமில்ல."

மூன்று பேரும் குன்றேறினார்கள்.

மாயாவியின் வீட்டில் கதவு கிடையாது. அவன் உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. உட்கார்ந்தான், எழுந்தான், தாடியைச் சொறிந்தான், மறுபடி உட்கார்ந்தான். அவன் உடம்பில் ஏதோ ஊர்ந்துகொண்டே இருப்பது போலிருந்தது. நாட்டில் முளைக்காத விதையெல்லாம் அவன் தோலுக்கடியில் முட்டின. விழாத மழை அவன் மண்டைக்குள் இரைந்தது. பிறக்காத பிள்ளைகளின் முதல் மூச்செல்லாம் அவன் நெஞ்சில் நெரிந்தது. எல்லா முதலும் அவனுடையது அல்லவா? எதைத் தொடங்கலாம் என்று எல்லாமும் அவனையே கேட்டன. தூங்கி எத்தனையோ மாதமாயிற்று.

குழலாயி அவனைப் பார்த்தாள். கிழக்குச் சுவர்வரை, மேற்குச் சுவர்வரை. தரையில் அவன் காலும் ஒரு தடம் போட்டிருந்தது.

"வா" என்றான். அவன் பேசியதும்தான் அவளுக்கு நாக்கு அசைந்தது.

"வந்துட்டேன், ஐயா."

"உட்கார்" என்று தான் உட்கார்ந்தான். அவளும் மெல்லக் கையை ஊன்றி உட்கார்ந்தாள்.

"பலகையின் சட்டம் தெரியுமா?"

"முதல் உங்களுடையது. அடுத்தது என்னுடையது."

"அவ்வளவுதான்" என்றான் மாயாவி. "தோற்றவர் மரமாவார். நான் தோற்றால் நானும்தான். அது நடக்கப்போவதில்லை."

பலகையில் காய்கள் நின்றன. எல்லாம் முன்னே வந்து தோற்றவர்கள். வெள்ளைக் காய்கள் அவன் பக்கம், கறுப்புக் காய்கள் அவள் பக்கம். குழலாயி தன் வரிசையைப் பார்த்துக்கொண்டே போனாள். வலது ஓரத்துக் கடைசிக் காலாள் மற்றவர்களைப் போல நிமிர்ந்து நிற்கவில்லை. இப்போதே ஓடப்போகிறவன் மாதிரி முன்னால் சாய்ந்து நின்றான். இடது காது மடல் கிழிந்திருந்தது. செம்புலிங்கத்தின் சின்ன வயதில் கன்றுக்குட்டி கடுக்கனைப் பிடித்து இழுத்தபோது கிழிந்த காது அது.

வாசலில் நின்ற பொன்னுருவி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

மாயாவி மூடிய வலது கையைத் திறக்காமல், இடது கையால் முதலில் நகர்த்தினான். ஆட்டம் ஆரம்பமானது.

அவன் ஆட்டம் தீ மாதிரி. ஒரு காலாளைத் தள்ளினான், குதிரையைப் பாய்ச்சினான், மந்திரியை இறக்கினான். ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு மிரட்டல். அதற்கு அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. முதல் கையின் அந்த ஒரு மூச்சு அவனிடம் இருந்தது, அதை அவன் ஒரு கணமும் வீணாக்கவில்லை. முன்னே வந்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறினார்கள். பதில் சொல்லிச் சொல்லி மானம் பொறுக்காமல், அவன் கையிலிருந்து அந்த முதலைப் பறித்துத் தாங்கள் மிரட்டப் போனார்கள். இடையில் விழுந்த ஓட்டை வழியாக அவன் உள்ளே வந்துவிட்டான். செம்புலிங்கமும் அப்படித்தான் விழுந்திருப்பான். யாரும் சொல்லாமலே குழலாயிக்குத் தெரிந்தது.

அவளுக்குப் பறிக்கத் தோன்றவில்லை. அவள் பின்பாட்டுக்காரி. வந்த அடியை ஏந்தினாள், ஒரு நெளிவு வைத்தாள், திருப்பிக் கொடுத்தாள். அவன் குதிரைக்கு அவள் குதிரை. அவன் யானைக்கு அவள் யானை. வெட்டுப்பட்ட காய்களை அவன் ஒரு கூடையில் எறிந்தான். அவள் வெட்டியவற்றைப் பக்கத்தில் தரையில் மெதுவாக வைத்தாள், படுத்திருப்பவர்களை வைப்பது போல.

முதல் முறை அவன் கேட்டான்: "பெண்ணே, நீ எப்போது தாக்குவாய்?"

"முதல் உங்களுடையது, ஐயா. அடுத்தது என்னுடையது."

வெயில் வாசலிலிருந்து உள்ளே நகர்ந்தது. அவன் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தான். காலாட்களை ஒவ்வொன்றாக முன்னே தள்ளினான். தள்ளத் தள்ள அவள் காலாட்கள் எதிரே வந்து நெற்றியோடு நெற்றி முட்டி நின்றார்கள். வலது ஓரத்தில் மட்டும் சாய்ந்து நின்றவன் அப்படியே நின்றான்.

இரண்டாம் முறை அவன் கேட்டான்: "அந்த ஓரத்துக் காலாளை ஏன் தொடாமல் வைத்திருக்கிறாய்? பயமா?"

"முதல் உங்களுடையது, ஐயா. அடுத்தது என்னுடையது."

மந்திரிக்கு மந்திரி விழுந்தது. யானைக்கு யானை விழுந்தது. கடைசிக் குதிரையும் கூடைக்குள் போனது. பலகை வெறிச்சோடியது. நடுவில் முட்டிக்கொண்டு அசைய வழியில்லாத காலாட்கள், அவர்களுக்குப் பக்கத்தில் இரண்டு ராஜாக்கள். ஒரே ஒரு கட்டம் இடைவெளி விட்டு, எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது அவள் முறை.

மாயாவி முதன்முதலாகச் சிரித்தான். சதுரங்கம் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் தெரியும். தெரியாதவர்கள் ஒற்றையடி வரப்பில் எதிரெதிரே வந்து நிற்கும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் அசைகிறாரோ அவர் சேற்றில் கால் வைக்க வேண்டும். மற்றவர் நேரே நடந்து போய்விடுவார். அவள் ராஜா விலகினால் அவன் ராஜா உள்ளே புகுந்து காலாட்களை ஒவ்வொருவராகத் தின்றுவிடுவார்.

"நகர்த்து" என்றான். "நகர்த்தாமல் இருக்க முடியாது. விலகித்தான் ஆக வேண்டும்."

குழலாயி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. குன்று ஏறியதிலிருந்தே அசையவில்லை. "இன்னும் கொஞ்சம், கண்ணு" என்றாள் உதட்டுக்குள். பிறகு கையை நீட்டி, வலது ஓரத்தில் சாய்ந்து நின்றவனை ஒரே ஒரு கட்டம் முன்னே வைத்தாள்.

மரத்தில் கறகறவென்று ஒரு சத்தம். எத்தனை நாள் பொறுத்திருந்தானோ, அந்த அவசரக்காரன்.

"முதல் உங்களுடையது, ஐயா" என்றாள் மூன்றாம் முறையாக.

மாயாவி பலகையைப் பார்த்தான். அவன் காலாட்கள் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒதுக்கி வைத்த ஒருவனும் இல்லை. எல்லோரையும் அவன் முதலிலேயே செலவழித்துவிட்டான். அசையக்கூடியது அவன் ராஜா மட்டும். அசைந்தால் விலக வேண்டும். இப்போது சேற்றில் கால் வைக்க வேண்டியவன் அவன்.

கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான். எழுந்து மேற்குச் சுவர்வரை போனான், கிழக்குச் சுவர்வரை வந்தான்.

"இந்த ஒரு தடவை நீ நகர்த்து" என்றான்.

"தாரை வார்த்து வாங்கினதைத் தள்ளக் கூடாதுங்களே, ஐயா. உங்க முறை வந்தா உங்களுக்குத்தான்."

"நகர்த்தினால் நான் தோற்பேன். தோற்றால் மரமாவேன்."

"ஆமா."

அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். நாடு முழுக்கப் பிறக்காதவை எல்லாம் அவன் தோலுக்கடியில் ஊர்ந்தன. அவளுக்கு அவன் மேல் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அவன் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்தபோது, அது தன் முகத்திலும் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது.

"ஐயா, கடைசியா எப்போ தூங்குனீங்க?"

மாயாவி கண்களைக் கசக்கினான். "எல்லாம் என்னையே கேட்கின்றன" என்றான். "எதை முதலில், எதை முதலில் என்று. காதை மூடினாலும் கேட்கிறது."

"வாங்கினதைத் தள்ளத்தான் கூடாது. திருப்பித் தாரை வார்க்கலாம். அதுக்கு எந்தக் கட்டும் இல்ல." அவள் திரும்பாமலே கையை நீட்டினாள். "மதினி, அந்தச் செம்பு."

பொன்னுருவி செம்பைக் கொண்டுவந்து மாயாவியின் முன்னால் வைத்தாள். கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தாள்.

அவன் செம்பைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், தன் ராஜாவைப் பார்த்தான். மூடியே இருந்த வலது கை விரல் விரலாகத் திறந்தது. செம்பைச் சாய்த்து அவள் உள்ளங்கையில் நீரை விட்டான்.

"எடுத்துக்கொள்" என்றான். "முதல் உன்னுடையது."

பிறந்ததிலிருந்து எதையும் முதலில் செய்யாத குழலாயியின் கையில் ஒரு நாட்டின் முதல் எல்லாம் குளிர்ந்து நின்றது. அவள் அதை வைத்துக்கொள்ளவில்லை. கையை வீசினாள். பலகை மேலும் கூடை மேலும் தரை மேலும் வாசலுக்கு வெளியேயும் நீர் தெறித்தது. அடுத்த கணம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"மதினி."

"என்னடி?"

"வலிக்குது."

பொன்னுருவி அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. "வலிக்கட்டும், வலிக்கட்டும், நல்லா வலிக்கட்டும்" என்றபடி சேவலைத் துரத்துவது போல எல்லோரையும் வெளியே துரத்தினாள். துரத்தும் அளவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடையிலிருந்தும் தரையிலிருந்தும் பலகையிலிருந்தும் மனிதர்கள் கைகால் உதறி எழுந்தார்கள். யானையாக நின்ற பூசாரி, குதிரையாக நின்ற தச்சன், காலாட்களாக நின்ற ஊர்க்காரர்கள். கிழிந்த காதுக்காரன் எழுந்த வேகத்தில் நிலைப்படியில் இடித்துக்கொண்டு, உள்ளே ஓடப் பார்த்தான்.

"நில்லுடா" என்றாள் அக்காள். "இவ்வளவு நேரம் நின்னவன், இன்னும் கொஞ்சம் நில்லு."

செம்புலிங்கம் வாசலில் நின்றான். கழுதை அவன் பக்கத்தில் வந்து நின்றது. வெளியே மேகம் ஒருமுறை உறுமியது. முதல் துளி கழுதையின் மூக்கில் விழுந்தது. பிறகு மழை.

மழைச் சத்தத்துக்கு மேலே ஒரு அழுகை கேட்டது. கொன்றை நாட்டில் எத்தனையோ மாதம் கழித்து, யாரையும் கேட்காமல், யாருக்கும் காத்திராமல் தானாகத் தொடங்கிய முதல் குரல் அது.

அழுகை நின்றதும் பொன்னுருவி தாலாட்டின் முதல் அடியை எடுத்தாள். தொண்டை காய்ந்திருந்தது, சுதி கொஞ்சம் விலகியது. களைத்துக் கிடந்த குழலாயி கண்ணை மூடியபடியே அதை வாங்கிப் பாடினாள், கடைசியில் அந்தச் சின்ன நெளிவோடு. மாயாவி வெளித் திண்ணையின் மூலையில், சுவரில் சாய்ந்தபடி, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை. மழைக்காலம் முழுதும் தூங்கினான் என்று சொல்கிறார்கள். எழுந்தபோது அவனுக்கு ஒரு மந்திரமும் நினைவில்லை. கீழே இறங்கி வந்து, ஊர் நாற்று நட்டு முடித்த வயல்களைக் கடைசி ஆளாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றே ராஜா இன்முகவர்மன் அந்த மழையில் நனைந்தபடி குன்றேறி வந்தார். "என்ன வேண்டும், கேள் அம்மா" என்றார். பழக்கம் விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு, மகாராஜா. எங்களுடையதைத் தானம் பண்றதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேளுங்க."

ராஜா தலை குனிந்தார். இன்னும் பல வருஷம் நல்லபடியாக ஆண்டார். "இல்லை" என்ற சொல்லைக் கண்ணாடி முன் நின்று பழகினார் என்று ஒரு பேச்சு. குழலாயிக்கும் பொன்னுருவிக்கும் நன்செய் நிலமும் வீடும் கொடுத்தார், இந்த முறை சபையைக் கேட்டுவிட்டு. கழுதை இன்றைக்கும் எல்லோருக்கும் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறது. அதன் சந்தோஷம் அது.

செம்புலிங்கம் மனைவி முன் பலகையை வைத்து, "இனிமே நீயே முதல்ல நகர்த்து" என்றான். அவள் நகர்த்திப் பார்த்தாள். முதல் கைக்கு ஒரு மூச்சு மிச்சம் என்பது பொய்யில்லை. அன்றைக்கு அவள்தான் ஜெயித்தாள். ஆனாலும் ஓரத்துக் காலாளை மட்டும் தொடவில்லை. அவனும் ஊறுகாய் என்று சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்த வீட்டில் யாரும் முதலில் வாய் திறக்க மாட்டார்கள். ராஜாவே வந்தாலும் காத்திருப்பார். முதல் வார்த்தை பிள்ளையுடையது. அது அழுத பிறகுதான் மற்றவர்கள் பதில் சொல்லலாம்.

முதல் என்னுடையதாக இருந்தது, சொல்லிவிட்டேன். அடுத்தது உங்களுடையது.